கனமில்லாத தூண்டில்



கரையோரக் கிராமங்களில் பிறந்து, வலையில் மீன் கழற்றியும் கருவாடு காயவிட்டும் வளர்ந்த உங்களில் பலருக்கு, மீன்பிடியைப் பற்றி நான் எழுதுவது கொல்லன் தெருவில் ஊசி விற்கப் போன கதையாகத்தான் இருக்கும். ஆனாலும் இந்த மாதம் அதைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். நான் சொல்லவிருப்பது வயிற்றுக்காகப் பிடிக்கும் மீனைப் பற்றி அல்ல. குளிர்நாட்டு ஆறுகளில் இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டு, கோழி இறகு கட்டிய ஒரு சிறு ஊசியை வீசுகின்றவர்களைப் பற்றி. அந்த வேலைக்குள் நம்மைப் போன்றவர்களுக்கும் ஏதோ இருக்கிறது என்று நான் நினைப்பதற்குக் காரணம் உண்டு. அதைப் பிறகு சொல்கிறேன். முதலில் இரண்டு பெண்களை அறிமுகப்படுத்த வேண்டும்.

1922 ஒக்டோபர் 7ஆம் திகதி மாலை. ஸ்கொட்லாந்தில் டே என்ற ஆற்றில் ஜோர்ஜினா பலன்டைன் என்ற பெண் தன் தந்தையோடு படகில் இருந்தார். முதலாம் உலகப் போரில் காயப்பட்டவர்களைப் பராமரித்த தாதி அவர். அன்று அவரது தூண்டிலில் ஒரு சமன் மீன் அகப்பட்டது. (எங்கள் வீடுகளில் 'சமன் ரின்' என்று சொல்லும் பெயரில் உள்ள அதே சமன்தான்.) இருட்டி வெகுநேரம் வரை, இரண்டு மணித்தியாலங்களுக்கு மேல் அந்த மீன் அவர்களை ஆற்றோடு இழுத்துக்கொண்டு போனது. கரைக்குக் கொண்டுவந்து நிறுத்தபோது 64 இறாத்தல், அதாவது ஏறக்குறைய 29 கிலோ. மீன் பேர்த் நகர வைத்தியசாலைக்கு அனுப்பப்பட்டு நோயாளருக்கும் ஊழியருக்கும் உணவானது. அதன் மாதிரியுரு ஒரு கடைக் கண்ணாடிக்குப் பின்னால் வைக்கப்பட்டிருந்தபோது, ஒரு பெண் இப்படியொரு மீனைத் தண்ணீரிலிருந்து எடுத்தாள் என்பது சுத்தப் பொய் என்று இரண்டு வயோதிபர்கள் பேசிக்கொண்டதை அவர் பின்னால் நின்று கேட்டுவிட்டுப் பேசாமல் வந்தார் என்று ஒரு கதை உண்டு. பிரித்தானியாவில் தூண்டிலில் பிடிபட்ட மிகப் பெரிய சமன் என்ற சாதனை நூறு ஆண்டுகள் கடந்தும் அவரிடமே இருக்கிறது.

இரண்டாமவர் திருமதி மொரிசன். 1924இல் டெவரோன் என்ற ஆற்றில் 61 இறாத்தல் சமன் ஒன்றைப் பிடித்தார். இவருடைய சாதனை வேறு வகையானது. பூச்சித் தூண்டிலில் பிடிபட்டவற்றுள் அதுவே மிகப் பெரியது. ஜோர்ஜினா பயன்படுத்தியது பூச்சி அல்ல, தண்ணீருக்குள் சிறு மீனைப் போல ஓடும் இரை.

ஆகவே சாதனைப் பட்டியலிலேயே இரண்டு தனித்தனிக் கணக்குகள். இரண்டிலும் முதலிடம் பெண்களுக்கு. ஆனால் ஏன் இரண்டு கணக்கு? ஒரு தூண்டிலுக்கும் இன்னொரு தூண்டிலுக்கும் அப்படியென்ன வேறுபாடு?

எங்கள் பக்கத்தில் கைத்தூண்டில் எப்படி எறிவார்கள் என்று நினைத்துப் பாருங்கள். தங்கூசி நூலின் நுனியில் ஊசி, அதற்கு மேலே ஒரு ஈயக் குண்டு. குண்டின் பாரம்தான் நூலை இழுத்துக்கொண்டு போகிறது. 'ஸ்பின்னிங்' என்று வெளிநாட்டில் சொல்லும் சுழல் தூண்டிலும் அடிப்படையில் இதேதான். நுனியில் கரண்டியின் தலையைப் போன்ற ஒரு பளபளப்பான உலோகத் தகடு. இழுக்கும்போது அது தண்ணீருக்குள் சுழலும். சுழலும்போது வெள்ளி மின்னும் சிறுமீனைப் போலிருக்கும். அதனால்தான் அந்தப் பெயர். அதன் பாரம் நூலை இழுத்துச் செல்ல, றீலைச் சுற்றித் திரும்ப எடுக்கலாம்.

அந்த றீல் எப்படி வந்தது என்பது தையல் தெரிந்த சகோதரிகளுக்குப் பிடிக்கும். இங்கிலாந்தில் பிரட்ஃபோர்ட் என்ற கம்பளி ஆலை நகரைச் சேர்ந்த இலிங்வொர்த் என்பவர் 1905இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். ஆலையில் நூற்கட்டை சுழலாமல் ஓரிடத்தில் நிற்க, அதன் தலைப்புப் பக்கமாக நூல் வழுக்கிக் கழன்று வருவதைப் பார்த்துப் பழகியவர் அவர். உங்கள் மெசினில் நூற்கட்டையை நிமிர்த்தி வைத்து மேல்பக்கமாக நூலை இழுத்தால் எவ்வளவு இலேசாக வருகிறதோ, அதே விதி. கட்டை சுழல வேண்டியதில்லை என்பதால் மிக இலேசான தகட்டைக்கூடத் தூரமாக எறிய முடிந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு நைலோன் நூலும் மலிவாகக் கிடைக்கத் தொடங்கியதும் சாதாரண மக்கள் கைக்கெல்லாம் இந்த றீல் போய்ச் சேர்ந்தது. ஒரு பிள்ளைக்கு இதை அரை மணித்தியாலத்தில் பழக்கிவிடலாம்.

பூச்சித் தூண்டிலில் இந்த விதி தலைகீழாகிறது. ஊசியில் கட்டியிருப்பது ஒரு சில இறகுத் துண்டுகளும் நூலும் மாத்திரம். கனம் என்று சொல்ல ஒன்றுமில்லை. ஒரு கோழி இறகைக் கையால் எறிந்து பாருங்கள், எவ்வளவு தூரம் போகிறது? அதனால் பாரத்தை நூலுக்கே கொடுத்திருக்கிறார்கள். முற்காலத்தில் குதிரை வாலின் மயிரைத் திரித்தார்கள். பின்னர் பட்டு நூல் வந்தது. இன்று மேலே பிளாஸ்ரிக் பூசிய, நுனி நோக்கி மெலிந்து செல்லும் தடித்த நூல். ஒன்பது அடியளவு நீளமான மெல்லிய தடியினால் அந்த நூலைத் தலைக்கு மேலாகப் பின்னுக்கு வீச வேண்டும். பின்னால் அது முழுவதும் நீண்டு விரியும் வரை பொறுக்க வேண்டும். விரிந்த பின்பு முன்னுக்கு. அப்போது நூல் சுருள் அவிழ்ந்தபடி போய், கடைசியாகப் பூச்சியைத் தண்ணீரில் ஒரு சருகு விழுவதைப் போல வைக்கும்.

'பொறுக்க வேண்டும்' என்ற இடத்தில்தான் முழு வித்தையும் இருக்கிறதாம். அவசரப்பட்டு முன்னே வீசினால் நூல் சாட்டையைப் போல வெடித்து, பூச்சி அறுந்து போகும். தாமதித்தால் நூல் பின்னால் புல்லில் விழுந்து சிக்கும். கற்றுக்கொடுப்பவர்கள் மணிக்கூட்டு முகத்தை வைத்துச் சொல்வார்கள்: தடி பத்து மணிக்கும் இரண்டு மணிக்கும் இடையில் போய்வர வேண்டும் என்று. பலத்தைப் போட்டால் காரியம் கெடும். தோள் பலமுள்ள ஆண்கள் முதல் நாளில் நூலோடு சண்டை பிடித்துக் களைத்துப்போக, பெண்கள் சீக்கிரம் பிடித்துக்கொள்கிறார்கள் என்று பயிற்றுநர்கள் பலர் சொல்கிறார்கள். இதில் எவ்வளவு உண்மை, எவ்வளவு உபசாரம் என்று நான் ஆராயப் போவதில்லை. கேட்க நன்றாக இருக்கிறது.

வீசுவது ஒரு பாதிதான். மற்றப் பாதி பார்ப்பது. சுழல் தூண்டில் போடுகின்றவர் எறிவார், சுற்றுவார், மறுபடி சற்றுத் தள்ளி எறிவார். தண்ணீரைத் துழாவித் தேடுகின்ற வேலை அது. பூச்சித் தூண்டில்காரர் முதலில் எறிவதில்லை. கரையில் நின்று பார்ப்பார். ஒரு கல்லைப் புரட்டி அதன் அடியில் என்ன புழு ஒட்டியிருக்கிறது என்று பார்ப்பார். மேஃபிளை என்றொரு பூச்சியினம் உண்டு. புழுப் பருவத்தில் மாதக்கணக்காக, சில இனங்களில் ஒரு வருடத்துக்கும் மேலாக ஆற்றின் அடியில் கிடந்து, ஒரு நாள் மேலே வந்து இறகு விரித்து, ஒரு நாளிலோ இரண்டு நாளிலோ முட்டையிட்டுச் செத்துப்போகும். எங்கள் மழைக்கால ஈசல் கூட்டத்தைப் போல ஒரே நேரத்தில் எழும்பும். அந்த நேரத்தில் ஆற்றில் உள்ள ட்ரவுட் மீன்கள் வேறொன்றையும் ஏறெடுத்துப் பார்க்காமல் அதையே தின்னும். அந்தப் பூச்சியின் அளவிலும் நிறத்திலும் கட்டிய ஒன்றை வைத்தால்தான் மீன் வரும். அதுவும் நீரோட்டம் நூலை இழுத்து, பூச்சி இயல்புக்கு மாறாக ஓடினால் மீன் முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விடும். எல்லாம் சரியாக அமைந்தால், மிதக்கும் பூச்சியை நோக்கி அடியிலிருந்து ஒரு நிழல் எழும்பி வாய் திறப்பதைக் கண்ணாலேயே காணலாம். சுழல் தூண்டிலில் மீன் வருவது கைக்குத்தான் தெரியும். இதில் கண்ணுக்குத் தெரிகிறது. அந்த ஒரு கணத்துக்காகவே ஆயுள் முழுவதும் போய் நிற்கிறார்கள்.

சமூகவியல் படித்தவள் என்பதால் இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியவில்லை. இந்தக் கலைக்கு ஒரு மேட்டிமை வரலாறு உண்டு. பிரித்தானியாவில் நல்ல ஆறுகளின் கரைகள் நிலப்பிரபுக்களுக்குச் சொந்தமாயிருந்தன. பூச்சித் தூண்டில் மாத்திரமே போடலாம் என்று விதி வைத்த ஆறுகள் இன்றும் பல இருக்கின்றன. புழுவும் தகடும் போடுகின்றவர்களை ஒரு படி கீழே வைத்துப் பார்க்கும் பழக்கம் அங்கிருந்து வந்தது. வேலை செய்யத் தேவையில்லை என்று காட்டுவதே அந்தஸ்தின் அடையாளமாகிறது என்று வெப்லன் என்ற அறிஞர் 1899இல் எழுதினார். நாள் முழுவதும் நின்று ஒரு மீனும் இல்லாமல் வீட்டுக்குப் போய் 'நல்ல நாள்' என்று சொல்ல, அடுப்பில் உலை கொதித்துக்கொண்டிருக்காத ஒருவரால்தான் முடியும். எங்கள் நாட்டுக்கும் அந்த வழியாகத்தான் இது வந்தது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் பிரித்தானியர் தங்கள் பொழுதுபோக்குக்காக நுவரெலியா, ஹோர்ட்டன் சமவெளிப் பக்கத்து ஓடைகளில் ட்ரவுட் மீன்களைக் கொண்டுவந்து விட்டார்கள். அவற்றின் சந்ததி இன்றும் அந்தச் சமவெளி ஓடைகளில் இருக்கிறது. அங்கு மட்டுமே வாழும் ஒரு சிறிய இறால் இனம் அவற்றால் பாதிக்கப்படுவதாகச் சூழலியலாளர்கள் கவலை தெரிவித்திருக்கிறார்கள். தேயிலைச் செடிக்கு உரமாகிப்போன மக்களின் இலயன்களுக்கு மேலே உள்ள மலையில் துரைமார் நூல் வீசிக்கொண்டு நின்றதையும் நினைத்துப் பார்க்கத்தான் வேண்டும்.

இந்த வரலாறெல்லாம் தெரிந்த பின்பும் நான் இதைப் பற்றி உங்களுக்கு எழுதுவதற்கு இரண்டு நிகழ்ச்சித்திட்டங்கள் காரணம்.

1996இல் அமெரிக்காவின் வேர்மொண்ட் மாநிலத்தில், மார்பகப் புற்றுநோய் சத்திரசிகிச்சையோடு தொடர்புடைய ஒரு பெண் வைத்தியரும், பூச்சித் தூண்டில் கற்பிக்கும் ஒரு பெண்ணும் சேர்ந்து ஒரு திட்டத்தைத் தொடங்கினார்கள். அதன் பெயர் காஸ்டிங் ஃபோர் ரிக்கவரி. மார்பகத்தை இழந்த பின் கையைத் தூக்க முடியாமல், தோள் இறுகி, கை வீங்கி அவதிப்படும் பெண்களை எங்கள் கிராமங்களிலும் நாம் காண்கிறோம். அவர்களுக்கு வைத்தியர்கள் சொல்லும் மெதுவான கைப்பயிற்சிக்கும் பூச்சித் தூண்டிலை வீசும் அசைவுக்கும் ஒற்றுமை இருப்பதை அவ்விருவரும் கவனித்தார்கள். பாரம் தூக்கத் தேவையில்லை, வெட்டி எறியத் தேவையில்லை, முன்னும் பின்னும் சீராக. வழமையாக 14 பெண்கள் வரை கூடி, இரண்டரை நாட்கள் தங்குவார்கள். கட்டணம் இல்லை. நோயைப் பற்றிக் கதைக்க விரும்பினால் கதைக்கலாம். விரும்பாவிட்டால் ஆற்றைப் பற்றிக் கதைக்கலாம். பிடிக்கும் மீனை விட்டுவிடுவார்கள்.

மற்றது 2005இல், அப்போது வோஷிங்டனில் இருந்த வோல்டர் ரீட் இராணுவ வைத்தியசாலையில் தொடங்கியது. புற்றுநோய்ச் சத்திரசிகிச்சைக்காக அங்கே தங்கியிருந்த ஓய்வுபெற்ற கடற்படை அதிகாரி ஒருவர், ஈராக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் கை கால் இழந்து வந்திருந்த இளைஞர்களைக் கண்டார். அவர்களை வைத்தியசாலைப் புல்வெளியில் நிறுத்தி நூல் வீசப் பழக்கினார். புரொஜெக்ட் ஹீலிங் வோர்ட்டர்ஸ் என்ற அமைப்பு இப்படித்தான் உருவாகியது. தடியைச் செயற்கைக் கையில் பொருத்துவது, ஒற்றைக் கையால் பூச்சி கட்டுவது என்று ஒவ்வொருவருக்கும் ஒரு வழி கண்டார்கள். இப்படியான முகாம்களுக்குப் போய்வந்த முன்னாள் படையினரிடம் நடத்தப்பட்ட சில சிறிய ஆய்வுகள், நித்திரையும் மன அழுத்தமும் ஓரளவு சீரடைந்ததைக் காட்டின. சிறிய ஆய்வுகளை வைத்துப் பெரிதாக ஒன்றும் சொல்லிவிட முடியாது. ஆனாலும் அலட்சியம் செய்யவும் முடியாது.

ஏன் பூச்சித் தூண்டில்? சுழல் தூண்டிலைக் கொடுத்திருக்கலாமே, பழக இலகு, மீனும் கிடைக்கும். இந்தக் கேள்வியைத்தான் நான் அதிகம் யோசித்தேன். உளசமூகப் பணியில் ஒன்பது வருடங்களாக உங்களோடு இருந்து பார்த்ததை வைத்து எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன்.

போருக்குள் வாழ்ந்தவர்களின் காதும் கண்ணும் ஓய்வதில்லை. 2009 முடிந்து இத்தனை வருடங்கள் ஆகியும், தகரத்தில் மாங்காய் விழுந்தால் தூக்கிவாரிப்போட்டு எழும்பும் அம்மாமார் இருக்கிறார்கள். வாசலைப் பார்த்தபடி இருந்தால்தான் சாப்பாடு இறங்கும் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். அந்த விழிப்பு ஒரு காலத்தில் உயிரைக் காப்பாற்றிய விழிப்பு. 'பயப்படாதே, ஒன்றுமில்லை' என்று சொல்லி அதை நிறுத்த முடியாது. சும்மா இரு, கண்ணை மூடு, மூச்சைக் கவனி என்று நாங்கள் பயிற்சி கொடுக்கும்போது, கண்ணை மூடியதும் நெஞ்சு அடித்துக்கொண்டு எழும்பி வெளியே போனவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஆற்றில் நிற்பவருக்கு யாரும் கண்ணை மூடச் சொல்வதில்லை. பார் என்கிறார்கள். நீரின் எந்தச் சுழியில் மீன் மூச்சு விடுகிறது, எந்தப் பூச்சி எழும்புகிறது, காற்று எங்கிருந்து வருகிறது. அந்தப் பழைய விழிப்புக்கு ஆபத்தில்லாத ஒரு வேலை கிடைக்கிறது. எறிந்து சுற்றும் தூண்டிலில் கைகளுக்கு வேலை உண்டு, ஆனால் மனம் தன் பாட்டில் பழைய இடத்துக்குப் போய்வரலாம். பூச்சித் தூண்டிலில் மனம் அந்தப் பக்கம் போனால் நூல் உடனே சிக்கிவிடும். இதை ஓர் ஆய்வு முடிவாக எடுக்க வேண்டாம், என் எண்ணம்தான்.

ஒரு மனத்தாங்கலும் உண்டு, அதையும் எழுதிவிடுகிறேன். சண்டையிட்டவருக்கு ஆறும் தடியும் கொடுக்க ஒரு நாடு இருக்கிறது. அந்தச் சண்டைக்கு நடுவே பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஓடியவளுக்கு, ஈராக்கிலும் சரி வேறெங்கும் சரி, யாரும் ஆறு கொடுக்கவில்லை. அவளுக்குக் கிடைப்பது கோழிக்குஞ்சு ஐந்து, தையல் மெசின் ஒன்று, கூட்டத்துக்கு வந்ததற்குக் கையொப்பம். கோழிக்குஞ்சை நான் குறை சொல்லவில்லை. அதைப் பகிர்ந்தளிப்பவர்களில் நானும் ஒருத்தி.

சுழல் தூண்டிலின் பக்கமும் பேச வேண்டும், இல்லாவிட்டால் நான் துரைமார் கட்சி சேர்ந்தவளாகி விடுவேன். காற்று அடிக்கும் இடத்தில், ஆழமான நீரில், பின்னால் மரம் நெருங்கிய கரையில் பூச்சித் தூண்டில் எடுபடுவது கடினம். சுழல் தூண்டில் அங்கெல்லாம் வேலை செய்யும். விலையும் குறைவு. வெளிநாட்டில் உள்ள எங்கள் பிள்ளைகள் பலர் தகப்பன்மாரோடு ஏரிக்கரைக்குப் போய்ப் பழகுவது அதைத்தான். பிடித்த மீனை வீட்டுக்குக் கொண்டுவரலாம். அகதி முகாமில் வருடக்கணக்காகக் கையேந்தியிருந்த ஒரு மனுசிக்குத் தன் கையால் பிடித்த மீனைக் குழம்பு வைப்பதில் உள்ள நிறைவை, விட்டுவிட்ட மீன் தராது. ஜோர்ஜினாவின் மீனும் கடைசியில் நோயாளிகளின் வயிற்றுக்குத்தானே போனது?

மீனை விட்டுவிடும் வழக்கம் எங்கள் பெண்களுக்குச் சற்றும் பிடிபடவில்லை. கனடாவில் இருக்கும் தம்பியார் அனுப்பிய படத்தைக் கொண்டுவந்து காட்டிய ஓர் அக்கா, "காசு குடுத்து அனுமதி எடுத்து, விடிய வெள்ளண எழும்பி, குளிர் தண்ணிக்குள்ள நிண்டு, பிடிச்சதைத் திருப்பி விடுறானாம். இவனுக்கு என்ன விசரோ பிள்ளை?" என்று என்னிடம் கேட்டார். சிரிப்பு அடங்க நேரமெடுத்தது. அவர் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. தின்பதற்கில்லாமல், விடுவதற்கென்றே மீனைத் தூண்டிலில் பிடிப்பது வதை என்று கருதி சுவிற்சர்லாந்தில் சட்டமே அதைத் தடுக்கிறது. மறுபக்கத்தில், ஆட்கள் கூடி மீன் குறைந்துபோன ஆறுகளில், முள் இல்லாத ஊசியால் உதட்டில் கொளுவி உடனே விடுவதால்தான் மீன் மிஞ்சுகிறது என்பதும் உண்மை. நானும் தடியைக் கையில் எடுத்தால் கறிக்கென்றுதான் எடுப்பேன்.

இனி பூச்சி கட்டும் பெண்களைப் பற்றி. எனக்கு இந்த விடயத்தில் மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

மேகன் போய்ட் என்பவர் ஸ்கொட்லாந்தின் வடக்கே கடலோரத்துச் சிறு குடிசை ஒன்றில் தனியாக வாழ்ந்தார். 1915இல் பிறந்தவர். சிறுமியாக இருந்தபோது பக்கத்தில் இருந்த ஒருவர் அவருக்குப் பூச்சி கட்டப் பழக்கினார். பழக்கிய முறை கடுமையானது. கட்டி முடிந்த பழைய பூச்சியைப் பிரித்து, அதே இறகையும் நூலையும் வைத்து அதைவிடச் சிறிய ஊசியில் திரும்பக் கட்ட வேண்டும். (எங்கள் தையல் ஆசிரியைமார் பிழையான தையலைப் பிரிக்கச் சொல்லும்போது முகம் சுழிக்கும் பிள்ளைகள் கவனிக்க.) உலகெங்கும் இருந்து அவருக்கு ஓடர்கள் வந்தன. இளவரசர் சார்ள்ஸும், இன்று மன்னராக இருப்பவர், அவரிடம் வாங்கியவர்தான். 1971இல் அரச பதக்கம் அறிவிக்கப்பட்டபோது, அன்று நாயைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை என்று அவர் மாளிகைக்குப் போகவில்லை. வாழ்நாளில் அவர் ஒரு மீனும் பிடித்ததில்லை. கண்பார்வை மங்கும் வரை கட்டினார். 2001இல் காலமானார்.

அவருக்கு முன்னரே அமெரிக்காவில் மேரி ஓர்விஸ் மார்பரி என்பவர் 1876 முதல் தன் குடும்பத்துக் கடையின் பூச்சி கட்டும் அறைக்குப் பொறுப்பாக இருந்தார். அங்கே கட்டியவர்கள் பெண்கள். அக்காலத்தில் ஒரே பூச்சிக்கு ஊருக்கு ஒரு பெயர். பல இடத்து ஆட்களுக்கும் கடிதம் எழுதிக் கேட்டுத் தகவல் சேர்த்து, 1892இல் நிறப் படங்களோடு ஒரு பெரிய நூலாக வெளியிட்டார். ஆண்களின் பொழுதுபோக்கு என்று சொல்லப்பட்ட ஒன்றின் சொற்களை ஒழுங்குபடுத்தியது, வேலையறையில் இருந்த ஒரு பெண்.

இன்று உலகச் சந்தையில் விற்கும் பூச்சிகளில் பெரும் பங்கு ஏழை நாடுகளில் கட்டப்படுகிறது. கென்யாவில் பெண்கள் பலர் இதையே தொழிலாகச் செய்கிறார்கள். இலங்கையிலும் ஏற்றுமதிக்காகக் கட்டும் தொழிற்சாலைகள் இருந்துவந்திருக்கின்றன. தாங்கள் ஒருபோதும் காணாத ஆற்றில், காணாத மீனுக்காக, காணாத பூச்சியின் உருவத்தை எண்ணி எண்ணிக் கட்டுகிறார்கள். வாழ்வாதாரத்துக்கு இது உதவுமா என்று உடனே சிலர் கேட்பீர்கள். கையால் செய்யும் எந்த ஏற்றுமதி வேலையையும் போலத்தான்: எண்ணிக்கைக்குக் கூலி, தரம் பிசகினால் கழிவு, வாங்குபவர் ஒருவரையே நம்பியிருக்கும் ஆபத்து. யாராவது பயிற்சி தருகிறோம், முதலில் பணம் கட்டுங்கள் என்று வந்தால், கட்ட வேண்டாம். முதலில் எங்கள் அலுவலகத்திலோ மகளிர் அபிவிருத்தி உத்தியோகத்தரிடமோ விசாரியுங்கள்.

இன்னொன்று. கெட்ட கனவு, நித்திரையின்மை, சாகத் தோன்றும் எண்ணம் என்று உள்ளவர்கள் தூண்டிலையோ கைப்பணியையோ நம்பிக்கொண்டு இருந்துவிடக் கூடாது. மாவட்ட வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்கு வாருங்கள். தனியே வரத் தயக்கமென்றால் உங்கள் பிரிவு உத்தியோகத்தரையோ எங்களையோ கூட்டிக்கொண்டு வாருங்கள்.

இதையெல்லாம் அண்மையில் ஒரு கிராமத்துக் குழுவில் சொல்லிவிட்டு ஒரு கேள்வி கேட்டேன். வாரத்தில் இரண்டு மணித்தியாலம், யாருக்கும் கணக்குச் சொல்லத் தேவையில்லை, பயன் எதுவும் வர வேண்டியதில்லை என்றால் என்ன செய்வீர்கள்? நீண்ட நேரம் பதில் இல்லை. கணவனை இழந்தவள் சும்மா இருந்தாலும் கதை, சிரித்தாலும் கதை என்று இருக்கும் ஊரில் இந்தக் கேள்விக்கு உடனே பதில் வராதுதான். பிறகு ஒருவர் படுத்து நித்திரை கொள்வேன் என்றார். ஒருவர் பாட்டுக் கேட்பேன் என்றார். சங்கத்துக்குக் கணக்கு எழுதி முடிப்பேன் என்றார் ஒருவர், அதற்கு எல்லோரும் சேர்ந்து ஏசினார்கள்.

கடைசியாக, தகப்பனோடு சிறுவயதில் குளத்தில் விராலுக்குத் தூண்டில் போட்டுத் திரிந்த ஒருவர், நாற்பத்தைந்து வயதிருக்கும், மெதுவாகச் சொன்னார்: "நான் குளக்கட்டில போய் இருப்பன் மிஸ். சும்மா போய் இருந்தால் ஏன் அங்க இருக்கிறாய் எண்டு கேப்பினம். தூண்டில் கம்பைக் கொண்டுபோனால் ஒருத்தரும் கேளாயினம்."

"அப்ப ஊசி போடாமலோ இருப்பாய்?" என்று பக்கத்தில் இருந்தவர் கேட்டார்.

"ஊசி போட்டுத்தான். ஒரு திலாப்பியா பிடிபட்டால் இரவுக் கறிக்கு ஆகுந்தானே."